பன்னிரண்டு நிமிடம் ஓடிய டிஸ்க்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் வந்து நிற்கக் கூச்சமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் யாரிடமும் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பெங்களூரு ஈஜிபுராவில் ஓர் அறை வீடு. வேலை பொம்மசந்திராவில், கிரைண்டிங் மிஷினில். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடச் சமையல் வேலைக்குப் போக ஆசைப்பட்டு அவள் கன்னடம் பழகினாள். பேசுவது சரியாக இருக்கிறதா என்று கேட்டுப்பார்க்க, எங்கள் பழைய கம்ப்யூட்டரில் பேசிப் பதிவு செய்து வைப்பாள். "ஊட்டா ஆய்த்தா? சாப்டாச்சா, ஊட்டா ஆய்த்தா" என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். தப்பு வந்தால், "ஐயோ, நாக்கு சுத்திக்குது" என்று சிரிப்பாள். அப்படிப் பதினொரு பதிவுகள். அவள் குரல் வேறெங்கும் இல்லை. எல்லாம் வெளியே வயரில் மாட்டும் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டுக்கொண்டிருந்தபோது குரல் நின்றது. டிஸ்க்கே திரையிலிருந்து மறைந்துவிட்டது. வயரைக் கழற்றி மாட்டினேன், வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போனது.

எங்கள் தொழிற்சாலையில் மிஷின் நின்றால், கோளாறு என்னவென்று தெரியும்வரை உள்ளே இருக்கும் பொருளில் கை வைக்கக்கூடாது. எப்போது நின்றது, எவ்வளவு சூடு என்று நோட்டில் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். வீட்டிலும் அதையே செய்தேன். வயரை மாற்றினேன். கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் மாட்டினேன். மின்விசிறிக் காற்றில் வைத்தேன். கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். அதில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்தால் மிஷின் தன் குறைகளை வரிவரியாகச் சொல்லும். படிக்க முடியவில்லை என்று ஒரே வரி, எண் மட்டும் மாறி மாறி வந்தது. எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

ஆறவைத்து மாட்டினால் பன்னிரண்டு நிமிடம் ஓடியது. ஒவ்வொரு முறையும் அவள் குரலைப் போட்டுவிட்டு, எப்போது நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஒன்பதானது. ஒன்பது நான்கானது. யாரிடமும் உதவி கேட்கக் கூச்சப்பட்டே ஒரு வாரம் போனது. பிறகுதான் டிஸ்க்கையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அம்மாவிடம் போனேன்.

நோட்டைப் புரட்டிவிட்டு அவர் சிரித்தார். "என்னண்ணா இது, ஆஸ்பத்திரி சார்ட் மாதிரி! சரி, காப்பி எங்க?"

"என்ன காப்பி மேடம்?"

"அடப்பாவமே. டிஸ்க் தெரிஞ்சப்ப பைலெல்லாம் வேற எடத்துல எடுத்து வைக்கலையா? பன்னெண்டு நிமிஷம் போதுமேண்ணா, பதினொண்ணும் வந்திருக்கும்."

"கோளாறு தெரியாம எடுக்கக்கூடாதுன்னு..."

"வீடு பத்திக்கிட்டா, எங்க பத்துச்சுன்னு எழுதிட்டுத்தான் புள்ளையத் தூக்குவீங்களா? அப்படி என்னதான் இருக்கு இதுல?"

"என் வீட்டுக்காரி கன்னடம் பேசிப் பழகினது. அவ இப்ப இல்ல."

அவர் சிரிப்பு நின்றது. டிஸ்க்கை மாட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். "வயர்மேல தப்பில்லண்ணா. உள்ள படிக்கிற முள்ளே போயிட்டிருக்கு. ஓட ஓட இன்னும் கெடும். நீங்க டெஸ்ட்டுன்னு ஓட்டினதுலயே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார். "வெச்சிட்டுப் போங்க. எவ்வளவு வருதோ அவ்வளவு எடுத்துத் தர்றேன்."

தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் விட்ட பாதி எனக்குப் புரிந்திருந்தது. அவள் குரலைத் தேய்த்தது நான்தான். எதனால் நிற்கிறது என்று பார்க்கிறேன் என நினைத்துக்கொண்டு, நானே அதை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று வீட்டில் சமைக்கவில்லை.

மறுநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து கடைக்குப் போனேன். இரண்டு பதிவுகள் முழுதாகவும் ஒன்று பாதியும் வந்திருந்தன. மற்ற எட்டும் வரவில்லை. வந்ததை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.