நல்ல தமிழில் ஒரு அப்பா

அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவருக்கு, ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதிவரச் சொல்லி, வருஷத்துக்கு ஒரு புத்தகமாகப் போட்டுக் கொடுத்தார். தலைமையாசிரியை முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் 'புரூஃப் சார்'. ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனால் சோறு இறங்காத மனுஷர். பிள்ளைகள் பேச்சுவழக்கில் எழுதி வந்ததையெல்லாம் வரிவரியாக உட்கார்ந்து நல்ல தமிழாக்கினார். புத்தகம் கண்ணாடி மாதிரி இருக்கிறதென்று எல்லாரும் மெச்சினார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், பஞ்சர் கடைக்காரரின் மகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஏழாம் வகுப்பில் அவரிடம் கதை கொடுத்தவள், இப்போது நர்ஸ். கையில் அந்தப் பழைய புத்தகம்.

"உட்காரும்மா. அப்பா சௌக்கியமா?"

"போன மாசம் தவறிட்டாரு சார்."

அவள் புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியைக் காட்டினாள்: 'உன் தாயாரை முதன்முதலாகக் கண்டபோது நான் மிகவும் தடுமாறினேன்.'

"எங்கப்பா டயரை உருட்டிக்கிட்டே சொன்னாரு, நான் அப்படியே எழுதினேன். தாயார், தடுமாறினேன்லாம் அவரு வாயில வருமா சார்? அவரு குரலைக்கூட நாங்க பதிஞ்சு வெக்கல. அந்தத் தாள் இருக்குமா?"

இல்லை. அச்சானதும் கையெழுத்துத் தாள்களைக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவர் அவரேதான். இருந்தும் மனசு கேட்காமல் பரணில் ஏறி இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்தார். தும்மல்தான் வந்தது.

"'தடுமாறினேன்'னு இருக்கற எடத்துல அப்பா சொன்ன வார்த்தையாவது ஞாபகம் இருக்கா சார்? எனக்கும் மறந்துபோச்சு, அம்மாவுக்கும் சொல்லத் தெரியல."

அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது மட்டும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக்கூடக் காட்டினார். அப்புறம்தான் கொச்சையாக இருக்கிறதென்று அடித்துவிட்டு, 'தடுமாறினேன்' என்று எழுதினார்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காத்து போன டயரு மாதிரின்னு... இல்ல, அது வேற என்னமோ."

மூவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். வரவில்லை.

"என் புத்திதான்மா" என்றார். "நல்லா இருந்ததைப் போய்க் கெடுத்துட்டேன்."

"நீங்க நல்லதுக்குத்தானே சார் செஞ்சீங்க" என்றாள் அவள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுவாரம் அந்த வருஷத்துப் பிள்ளைகள் எழுதிய புதுத் தாள்கள் வந்தன. ஒரு எழுத்தையும் தொடாமல் அச்சுக்கு அனுப்பினார். "என்ன சார், பிழை மலிஞ்சு கிடக்கே?" என்று தலைமையாசிரியை போனில் கேட்டார்.

"கிடக்கட்டும் டீச்சர். அவங்க வீட்டுல அப்படித்தான் பேசறாங்க."

சொன்னாரே ஒழிய, மனசு ஆறவில்லை. அலமாரியில் பதினாலு புத்தகங்கள் நின்றன. நூற்றுக்கணக்கான அப்பாக்களும் அத்தைகளும் அவற்றில் ஒரே குரலில், அவர் குரலில், பேசிக்கொண்டிருந்தார்கள்.