ஹெல்மெட்டைக் கழற்றிய சனிக்கிழமை

நைனா இப்போது தூங்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

நைனா என் அப்பா; பெயர் வடிவேலு, பெயிண்டர். ஆதம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வண்ணம் பூசும்போது சாரம் சரிந்து தலைகுப்புற விழுந்தார். மண்டை ஓட்டில் விரிசல் விட்டு, மூளையில் ரத்தம் கட்டி, ஆபரேஷனில் பிழைத்தார். தையல் ஆறியது. பயம் ஆறவில்லை. ஃபேன் விழும், காக்கா உட்கார்ந்தால் கிளை விழும் என்று நடுங்குவார். வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட் போட ஆரம்பித்தார். மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய எங்கள் தெருவில் லாரன்ஸ் அண்ணன், "இன்னா மாமா, வண்டிய எங்க வுட்டுட்டு வந்த?" என்பார். முதலில் நைனாவும் சிரித்தார். பிறகு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்.

அடையாறில் மனநல ஆலோசகர் நீரஜா மேடத்திடம் அழைத்துப் போனேன். "ஹெல்மெட்தான் காப்பாத்துதுன்னு உங்க மூளை நம்பிடுச்சு. அது இல்லாமலும் ஒண்ணும் ஆகாதுன்னு கொஞ்சம் கொஞ்சமா அதுக்குக் காட்டணும்" என்றார். முதலில் மேடத்தின் அறையில் டீ குடிக்கும் நேரம் மட்டும் நைனா கழற்றினார். அப்போதும் விரல்கள் தழும்பைவிட்டு நகரவில்லை. பிறகு வராந்தா. பிறகு வேப்பமரத்தடி. மாதக்கணக்கில் ஆனது.

நைனாவுக்கு தி.நகர் துணிக்கடை ஒன்றில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. "ஹெல்மெட்டோட வாசல்ல நின்னா கஸ்டமர் ஓடிடுவான்பா. அது மட்டும் வாணாம்" என்றார் மேனேஜர். திங்கட்கிழமை சேர வேண்டும்.

சனிக்கிழமை நைனா அடையாறிலிருந்து வீடுவரை வெறும் தலையோடு வந்தார். பஸ்ஸில் ஹெல்மெட் என் மடியில் இருந்தது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "அங்கியே நில்லுய்யா. தெரு கண்ணே உம்மேலதான் கீது." கையில் கற்பூரம் எரியும் தேங்காய். எங்கள் தெருவில் எந்த நல்லதுக்கும் இதுதான் வழக்கம்; நான் பட்டம் வாங்கிய அன்று எனக்கும் சுற்றினாள். நைனாவின் தலையை மூன்று சுற்று சுற்றி, அவர் காலடியில் ஓங்கி உடைத்தாள்.

ஓடு பிளந்த சத்தம். நைனா இரண்டு கைகளாலும் மண்டையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். "ஒடஞ்சிடுச்சு கயலு, ஒடஞ்சிடுச்சு." என்னிடமிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை போய்விட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார் மேடம். நைனா வர மறுக்கிறார். "அந்தம்மா கழட்ட சொல்லிச்சு. கழட்டுனேன். ஒடஞ்சிச்சு." அவர் மூளைக்கு நாங்கள் காட்டியது இதைத்தான்.

அம்மா பூசணிக்காய் வாங்கி வந்தாள். "திருஷ்டி இன்னும் போவல. அமாவாசைக்கு ஒடச்சிட்டா சரியாப்பூடும்."

சொல்லாவிட்டால் உடைப்பாள். சொன்னால் அவள் என்ன ஆவாள்? எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். இதை எப்படிச் சொல்வது என்று எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்று தேங்காய் உடைந்த சத்தத்தில் அவருக்குத் தன் மண்டை உடைந்தது போல இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அப்ப நான்தான் ஒடச்சனா?" என்றாள்.

நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா பூசணிக்காயைச் சத்தம் வராமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.