பெயரெழுதாத பொட்டலம்

பென்டில் ஹில்லில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் யாருடைய பெயரும் அப்போது எனக்குத் தெரியாது. எல்லாரும் அக்கா, அன்ரி, அங்கிள்தான். என் போனில் பக்கத்து ஊரான பிளாக்டவுனிலிருந்து வருகிற பிளாக்டவுன் அக்கா மட்டும் நான்கு பேர் இருந்தார்கள்: வெறும் பிளாக்டவுன் அக்கா, பிளாக்டவுன் அக்கா 2, பிளாக்டவுன் அக்கா ரவை, பிளாக்டவுன் அக்கா புது. பெயரைக் கேட்டால் அந்நியமாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கேக் சாமான்களை வரவழைத்து விற்பது எங்கள் தொழில். முந்திரிப் பொடி, பாதாம் பொடி, ரவை, ரோஸ் எசன்ஸ், கேக்கின் மேல் தூவுகிற வெள்ளிக் குண்டுகள். அந்த முறை கன்டெய்னரைத் துறைமுகத்தில் சோதனைக்கு நிறுத்திவிட்டார்கள். எந்த மூட்டையில் என்ன இருக்கிறது, எங்கே அரைத்தது, கூட எதை அரைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்று வாரம் நானும் கணவரும் பதில் எழுதியே ஓய்ந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை சரக்கு வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலையில் ரோலர் கதவைத் தூக்கும்போதே வெளியே ஆட்கள் நின்றார்கள்.

இத்தனை நாள் காக்க வைத்துவிட்டோமே என்று என் கை தாராளமாகிவிட்டது. சாதாரண நாளிலேயே கொசுறு இல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டேன். "லேபிள் ஒட்டிக் குடு" என்று கணவர் சொல்லி அலுத்துவிட்டார். "சும்மா குடுக்கறதுக்கு எதுக்குங்க லேபிள்?" என்று வாயை அடைத்துவிடுவேன். அன்று ராக்கின் இடது பக்க மூட்டையைப் பிரித்து, சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் அள்ளி, ஆறு முடிச்சுப் போட்டேன். இடது பக்கம் என்றால் பாதாம், வலது பக்கம் முந்திரி. கடையில் நான் போட்டிருந்த சட்டம் அது.

அந்த ஆறில் ஒன்று, போனில் பிளாக்டவுன் அக்கா ரவை என்றிருந்த ரவை அக்காவுக்குப் போயிற்று. யாழ்ப்பாணத்துக்காரர். எதை எடுத்தாலும் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவார்.

"இண்டைக்கு மகளுக்கு ஏழு வயசு. மூண்டு மணிக்கு பார்க்கில கேக் வெட்டுறம்," என்றார். "அவளுக்குக் கஜு கண்ணிலயும் காட்டக்கூடாது. பாதாம் பரவாயில்லை எண்டு டொக்டர் சொன்னவர்." கஜு என்று அவர் சொன்னது முந்திரியை.

"அப்ப இத வச்சுக்கோங்க அக்கா. பாதாம்தான். கேக் மேல தூவிடுங்க," என்று ஒரு பையை அவர் கையில் திணித்தேன். சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்றரை மணிக்குக் கூட்டம் குறைந்தது. மீதிப் பொடியை டப்பாவில் கொட்டும்போது விரலில் ஒட்டியதை நக்கினேன். முந்திரி. மூட்டையைத் திருப்பினால் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. முந்தின நாள் இறக்கும்போது கணவர் இடம் மாற்றி வைத்துவிட்டார். "கண்ண எங்க வச்சிருந்தீங்க?" என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் அந்த எழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். படிக்காமல் அள்ளியது நான்தான்.

மற்ற ஐந்து பேரைத் தேடிப் பிடிக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். நான் ரவை அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி மறுபடி அடித்தேன். மெசேஜ் அனுப்பினேன், அது பார்க்கப்படாமலே கிடந்தது. வீட்டுக்கு ஓடலாம் என்றால் வீடு தெரியாது. எந்த பார்க் என்று கேட்கவில்லை. யாரிடமாவது விசாரிக்கலாம் என்றால் யாரென்று சொல்லி விசாரிப்பது? ஐந்து வருஷமாக வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவரின் பெயர் எனக்குத் தெரியாது. கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் உயிரோடு இருந்து என்ன என்று கூட நினைத்தேன்.

இரண்டே காலுக்கு அவரே கூப்பிட்டார். "என்ன, பன்னிரண்டு தரம் எடுத்திருக்கிறியள்?"

"அக்கா, நான் குடுத்த பொடிய கேக்ல போட்டீங்களா? அது பாதாம் இல்ல அக்கா. முந்திரி."

பின்னால் யாரோ பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"போடேல்லை," என்றார்.

"அந்தப் பை எங்க இருக்கு? பிள்ளைங்க கைக்கு எட்டற எடத்திலயா?"

"வீட்டிலயே இல்லை. உங்கட கார் பார்க் குப்பைத் தொட்டிக்குள்ள கிடக்கும்." குரல் தாழ்ந்தது. "கோவிக்காதேங்கோ. லேபிள் இல்லாத ஒண்டையும் நான் குசினிக்குள்ள சமையலுக்கு விடுறேல்லை. அவள் ரெண்டு வயசில மூச்சு நிண்டு ஆஸ்பத்திரியில கிடந்தவள்."

"அப்ப இவ்வளவு நாளா நான் குடுத்ததெல்லாம்?"

"ஆசையாத் தாறியள். வேண்டாமெண்டால் உங்கட முகம் வாடிப்போகும். அதான் வாங்கிக்கொண்டு போய்க் குப்பையில போடுறனான்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிள்ளை தப்பித்தது என்ற நிம்மதிதான் முக்கால்வாசி. மீதி, வெட்கம். ஐந்து வருஷமாக நான் அன்பு என்று நினைத்துக் கொடுத்ததிலிருந்து அவர் தன் மகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார், என் மனம் நோகாமலும் பார்த்துக்கொண்டு. மற்ற ஐந்து பேரையும் கணவர் அதற்குள் பிடித்துவிட்டார். நான் போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறினேன். காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே என் முடிச்சு அவிழாமல் கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து ரவை அக்கா வந்தார். முதல் வேலையாகப் பெயரைக் கேட்டேன். சொன்னார், எழுதிக்கொண்டேன். பிறகு ஒரு சின்னப் பையை நீட்டினேன். உள்ளே என்ன, எங்கே அரைத்தது, எதெல்லாம் கலந்திருக்கலாம் என்று முழுவதும் எழுதி ஒட்டியிருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பி இரண்டு தடவை படித்தார். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கல்லாவில் ஆள் நிற்கும்போதே நான் கண்ணாடிக் கதவுக்கு வந்து பார்த்தேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போனதும் அவர் நடை கொஞ்சம் மெதுவானது. பிறகு அதைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினார்.