தேற்றா மரத்தில் நான் கட்டிய கம்பி

1937 தை மாதம் நான் ஸ்ரீரங்கம் போனது பெருமாளைச் சேவிக்க அல்ல, ஒரு மரத்தைப் பார்க்க. தஞ்சாவூரில் நான் கவனித்துவந்த மரத்தோட்டத்தில் ஒரே ஒரு தேற்றா மரம் இருந்தது. கலங்கல் தண்ணீர் தெளியக் குடத்துக்குள் உரசுவோமே, அந்தத் தேற்றாங்கொட்டை மரம்தான். அது உளுத்து விழுந்துவிட்டது. அதன் வித்தில் முளைத்து மிஞ்சியது, எட்டு வருஷத்துக்கு முன் ஸ்ரீரங்கத்து நந்தவனம் ஒன்றில் நான் நட்ட கன்று மட்டுமே. அதுவும் வாடுகிறது என்று கார்டு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலை ஆறு மணி ரயில். முப்பத்தொரு மைலுக்கு மூன்றாம் வகுப்பில் பத்தணா. திருச்சி ஜங்ஷனிலிருந்து ஜட்கா ஆறணா. “பாலத்துல குதிரை மெதுவாத்தாங்க போகும்” என்று வண்டிக்காரர் முன்னமே சொல்லிவிட்டார். சொன்ன சொல் தவறவில்லை மனுஷர்! கோயிலுக்கு வடக்கே ஒரு மைல் தள்ளி, கொள்ளிடக் கரை நந்தவனத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தேகால்.

அங்கே பூ பறித்து, மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் ரங்கம்மாள். மகிழம், புன்னை, பாதிரி எல்லாம் தாண்டி என்னை அழைத்துப் போனார். தேற்றாவின் இலைகள் மஞ்சளித்துத் தொங்கின. அடிமரத்தில் நான் அன்று கட்டிய பெயர்த் தகடு. அதற்கு மஞ்சள், குங்குமம் வேறு. கட்டிய கம்பியைக் காணோம். பட்டைக்குள் புதைந்து கிடந்தது.

“இதைக் கழட்டியிருக்கக் கூடாதாம்மா?”

“நீங்க கட்டினதாச்சேங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. மந்திரத் தகடோ என்னமோ, நாம கை வைக்கலாமான்னு விட்டுட்டேன்.”

நான் ஒரு பாவி! அது வெறும் லத்தீன் பெயர். கைக்குழந்தைக்குக் கட்டிய அரைஞாணை எட்டு வயதிலும் மாற்றாமல் விட்டதுபோல, கட்டிவிட்டுத் திரும்பியே பார்க்காதவன் நான். குறடால் கம்பியை நறுக்கி எடுக்கும்போது அழுதுவிட்டேன். ரங்கம்மாள் சாணியும் செம்மண்ணும் குழைத்துக் காயத்தில் அப்பினார். “அழாதீங்க. தண்ணி ஊத்த நான் இருக்கேன், போயிட்டு வாங்க.”

இந்த மரங்களைப் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். உச்சி வெயிலில் கரை மணலில் கால் வைக்க முடியாது. உங்கள் ஊர்த் தோட்டத்தில் பெயர்ப் பலகை வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு அதில் அடியுங்கள். மரத்தைச் சுற்றி எதையும் கட்டாதீர்கள்.

பங்குனியில் மறுபடி ஒரு கார்டு வந்தது. யாரோ எழுதிக்கொடுத்தது. கம்பி இருந்த இடத்துக்கு மேலே எல்லாம் காய்ந்துபோனதால் வெட்டி எடுத்துவிட்டார்களாம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் அடுத்த வரியைப் படித்தேன். கீழே நாலு துளிர் விட்டிருக்கிறதாம். ஐயா தாராளமாக வந்து பார்க்கலாம், கம்பி மட்டும் எடுத்துவர வேண்டாம் என்று ரங்கம்மாள் எழுதச் சொன்னாராம்.