சொட்டு நீலம் ஊற்றிய கோழி

பவானிபூரில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. அந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போய், கோழி கட்லெட் செய்து உறையவைத்துக் கடைகளுக்கு அனுப்பும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாகச் சேர்ந்தேன். உணவுத் தொழில்நுட்பம் படித்த எனக்கு இந்த ஊரில் கிடைத்த வேலை அதுதான். சாயங்காலம் திரும்பினால் அம்மா, "நேரா பாத்ரூமுக்குப் போ, எதையும் தொடாதே" என்பாள்.

தொழிற்சாலையில் வேறு மாதிரிக் கேலி. "கறியை வாயிலேயே வைக்காதவங்க அதைப் பத்தி என்ன சொல்லப்போறாங்க?" என்று மேனேஜர் என் காதுபடவே வங்காள மொழியில் சொல்வார். நேரில் மட்டும் 'திதி', அக்கா, என்பார்.

துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் பெருமழை. எங்கள் பக்கம் முழுக்கத் தண்ணீர் நின்றது. சனி, ஞாயிறு மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் வண்டியும் வரவில்லை. திங்கட்கிழமை நான் போனபோது குளிர் அறை மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றார் மேனேஜர்.

கட்லெட்டுக்காக உறையவைத்திருந்த கோழித் துண்டுப் பை ஒன்றை எடுத்துக் குலுக்கினேன். துண்டுகள் கூழாங்கல் மாதிரித் தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தது. அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் உறைந்திருந்தது. அடுத்தடுத்த அடுக்குகளும் அப்படியே. உருகி, நீர்விட்டு, மறுபடி உறைந்த இறைச்சி.

"இதுல கட்லெட் செய்ய முடியாது" என்றேன்.

"பூஜோ தலைக்கு மேல நிக்குது, திதி. கொதிக்கிற எண்ணெயில போட்டா எந்தக் கிருமி பிழைக்கும்?"

"கிருமி செத்துடும். அது விட்டுட்டுப் போற விஷம் சாகாது."

அவர் முதலாளியைக் கூப்பிட்டார். சால்ட் லேக் வீட்டிலிருந்து முதலாளி வந்து சேர்ந்ததும் நான் வாதாடவில்லை. அந்தப் பைகளில் ஒன்றையும், அன்று காலை லாரியில் வந்து இறங்கிய நல்ல பைகளில் ஒன்றையும் பிரித்து, அவருடைய கண்ணாடி மேஜையில் இரண்டு தட்டுகளில் வைத்தேன். ஏசியை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். அவர் போனில் பேசிக்கொண்டே இருந்தார். மத்தியானம் தாண்டியதும் தானே எழுந்து ஜன்னலைத் திறந்தார். இரண்டு தட்டுகளையும் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"எடுத்துட்டுப் போங்க. அத்தனையையும் கழிச்சுடுங்க."

ஜெயித்துவிட்டேன் என்று கீழே இறங்கினால், முற்றத்தில் ஒரு வேன் நின்றது. மீன் தீவனத்துக்கு ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். வேன்காரரோ, பைகள் கிழியாமல் இருக்கணும், மேலே ஐஸ் போட்டுக் கொடுங்க என்றார். மீன் தின்னப்போகிற தீவனத்துக்கு ஐஸ் எதற்கு? அந்தக் கோழி ஏதாவது ஒரு தெருவோரக் கடையில் மசாலாவுக்குள் ஒளிந்துகொள்ளப் போகிறது என்று புரிந்தது.

எங்கள் வெள்ளைக் கோட்டுகளைத் துவைக்கும் அறைக்கு ஓடினேன். அங்கிருந்த சொட்டு நீலத்தையும் பினாயிலையும் வாரிக்கொண்டு பேக்கிங் பெண்களிடம் போய் விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன். அவர்களில் மூத்தவள் அப்போதே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரோட்டுக் கடையில கோழி ரோல் திங்கிறது எங்க புள்ளைங்கதானே. குடு திதி."

மேனேஜர் குறுக்கே வந்தார். "முதலாளி கழிக்கச் சொன்னாரு, கழிக்கிறோம்" என்று அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முற்றத்தில் பைகளைக் கிழித்துக் கொட்டி, மேலே நீலத்தை ஊற்றினோம். பிறகு பினாயில். கோழி முழுக்க மைக்கூட்டில் முக்கியெடுத்தது போல ஆயிற்று. வேன்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வேன் கேட்டைத் தாண்டியதும் ஒருத்தி நாக்கைச் சுழற்றி, பூஜைப் பந்தலில் போல, குலவையிட்டாள். அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். நானும் முயன்றேன், என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். மேல் ஜன்னலில் முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலக் கோழியைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்ததை நான் நேரில் நின்று பார்த்தேன். புதிதாக வாங்கிய இறைச்சியில் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் கட்லெட் செய்ய முடிந்தது. கடைகளுக்குத் தாமதமாகப் போயும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பூஜை நாளான சப்தமியன்று அந்தப் பெண்கள் புதுப் புடவையில் லோக்கல் ரயிலேறி டாக்குரியா ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். என்னையும் பந்தல் பார்க்கக் கூட்டிப் போனார்கள். ஒரு கடையில் எங்கள் கட்லெட் பொரிந்துகொண்டிருந்தது. வரிசை தெருமுனை வரை நின்றது. மூத்தவள் கூட்டத்தை விலக்கி முன்னால் போய், கடைக்காரரை அண்ணன் முறையில் கூப்பிட்டு உரக்கச் சொன்னாள்:

"நல்லாப் பொரிங்க தாதா. இது நாங்க செஞ்சது!"