படையலுக்கு ஒரு கிட்டார் ரெக்கார்டு

அம்மா போன பிறகு வந்த முதல் தீபாவளி. துக்க வீடு என்பதால் பலகாரம் கிடையாது, புதுத்துணி கிடையாது, படையல் மட்டும்தான். ஊரே கோழியும் வாழையிலையும் வாங்க பாசாருக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, நான் ஓர் ஊசியைத் தேடி அலோர் ஸ்டார் கடைவீதிகளில் அலைந்துகொண்டிருந்தேன். தையல் ஊசி என்றால் பரவாயில்லை. இது ரெக்கார்டு பிளேயர் ஊசி. ஒரு கைப்பேசிக் கடைப் பெண், "ரெக்காடுன்னா என்னாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, கார் நிறுத்த இடமில்லை, வீட்டில் போட்டது போட்டபடி கிடந்தது.

எல்லாம் அப்பாவால் வந்த வினை. அம்மா இறந்ததும் அவரைக் கரங்கான் பக்கத்துத் தோட்ட வீட்டிலிருந்து மெர்கோங்கில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வந்த நாளிலிருந்து மனிதர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மீன் குழம்பு வைத்தால் இரண்டு வாய். ரொட்டி சானாய் வாங்கி வந்தால் ஓரத்தை மட்டும் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு தட்டை நகர்த்திவிடுவார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். நல்லா இருப்பதை ஏன் விட்டுவிட்டு எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று கிளினிக் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அதை அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார். என்ன சரி? கத்தினேன், அழுதேன், கெஞ்சினேன். ஒரு வருஷத்துக்குள் இவரையும் தூக்கிக் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் எனக்கும் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் தானாக வாயைத் திறந்தார். பசிக்கிறது என்று சொல்லப்போகிறார் என நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன்.

"படையலுக்கு உங்கம்மாவுக்கு ரெக்காடு போடணும். பிளேயரு ரோசாக், ஓடல. ஊசிய மாத்தணும்."

எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. படையல் என்பது செத்தவர்களுக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிடுவது. சித்தப்பாவுக்குச் சுருட்டும் பீரும் வைப்போம், ஏனென்றால் அவருக்கு அதுதான் உயிர். ஆனால் அப்பாவின் கிட்டார் ரெக்கார்டுகளுக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பெட்டியால் அவள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவள்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டினார். கூலிமில் ஒரு கடையில் ரெக்கார்டு பிளேயரை வாங்கியபோது, யாரும் சீந்தாமல் கிடந்த நாலைந்து ரெக்கார்டுகளைக் கடைக்காரர் கூடவே தள்ளிவிட்டிருக்கிறார். எல்லாம் வெறும் கிட்டார். பாடுகிறவர் கிடையாது. ஒரு கிட்டார் நிதானமாக நடக்கும், பின்னால் வயலின்கள் மெதுவாக வரும், அதற்கும் பின்னால் யாரோ தூக்கக் கலக்கத்தில் தட்டுகிற மாதிரி ஒரு தாளம். அப்பா அதில் விழுந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. மாதத்துக்கு ஒருமுறை கூலிமுக்கோ பட்டர்வொர்த்துக்கோ போய் அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வருவார். "வாரம் பூரா லாரி எஞ்சினு காதுல கத்துது. ஞாயித்துக்கெழமையாவது யாரும் கத்தாத பாட்டு வேணும்லா" என்பார். பக்கத்து வீட்டு மாமா ஒருமுறை மரியாதையாக வந்து உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, "சுதி சேத்தது போதும்ணே, பாட்ட ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார். அப்பா அவரோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

எங்கள் வீட்டுத் தரை பலகை. யாராவது நடந்தால் ஊசி குதிக்கும். அதனால் ஞாயிறு காலையில் வீட்டில் யாரும் நடக்கக் கூடாது. அண்ணனும் நானும் சுவரோரமாகத் தவழ்ந்துதான் கக்கூசுக்குப் போவோம். அம்மா சம்பல் இடிக்கக் கூடாது, அம்மியில் அரைக்கக் கூடாது, விறகு பிளக்கக் கூடாது. கறியை நறுக்கி வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருப்பாள். கடைசி ரெக்கார்டு முடிந்து, அப்பா அதைத் துடைத்து உறையில் போட்டு, சோம்பல் முறித்துவிட்டுக் கேட்பார்: "இன்னுமா சோறு ஆகல?" அப்போது அம்மா பார்க்கிற பார்வை இருக்கிறதே! வேறு பெண்ணாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கிக் கால்வாயில் போட்டிருப்பாள்.

ரெக்கார்டு உறைகள் வேறு தொல்லை. கிட்டாருக்கும் நீச்சல் உடைக்கும் என்ன உறவோ தெரியாது, பாதி உறைகளில் ஒரு வெள்ளைக்காரி கடற்கரையில் படுத்திருப்பாள். பிள்ளைகள் இருக்கிற வீடு என்று அம்மா எல்லாவற்றுக்கும் பள்ளிப் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி காக்கித்தாளில் அட்டை போட்டுவிட்டாள். அதன் பிறகு எது எந்த ரெக்கார்டு என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா ஒன்றை எடுப்பார், "இது இல்லியே" என்று முனகுவார், ஆனாலும் முழுசாகக் கேட்பார்.

அதைவிடக் கூத்து ஆயுத பூஜை. லாரிக்குப் பொட்டு, சைக்கிளுக்குப் பொட்டு, தையல் மிஷினுக்குப் பொட்டு. அம்மா அந்த வரிசையில் ரெக்கார்டு பிளேயருக்கும் வைத்தாள். அதோடு விட்டாளா? ஒரு ரெக்கார்டை வெளியே எடுத்து, அதன் மேலேயே சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டாள். மறுநாள் அப்பா பார்த்தபோது சந்தனம் வரிகளுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. கழுவியும் முழுசாகப் போகவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் கிட்டார் கரகரவென்று கனைத்துவிட்டு மேலே போகும். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "பூச பண்ணாத சாமான வீட்ல வைக்கவா?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். இரண்டு பேருமே நியாயம் தன் பக்கம் என்று நினைத்தார்கள்.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ரொம்பப் பிடிக்கும். அதை ஒப்புக்கொள்ளவே எரிச்சலாக இருக்கிறது. வெளியே மழை தூறும், பால்மரக் காட்டிலிருந்து ஈர வாடை வரும், வீட்டில் ஒருவரும் ஒருவரையும் திட்டாத ஒரே நேரம் அதுதான். அண்ணன் என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவான். திங்கட்கிழமை துணி துவைக்கும்போது அம்மா அந்த மெட்டுகளை முனகுவாள் என்று அண்ணன் இன்றைக்கும் சாதிக்கிறான். நான் கேட்டதே இல்லை.

கடைசியில் ஊசி கிடைத்தது. பழைய ரேடியோ பழுது பார்க்கிற ஒரு சீனப் பெரியவர், டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துத் தேடி, பொருந்துகிற மாதிரி ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து வைத்த பிறகாவது அப்பா ஒரு பிடி அதிகம் சாப்பிட்டாரா? இல்லை. காக்கி அட்டைகளைப் பிரித்துப் பிரித்து மூடிக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்தின நாள் சுங்கை பட்டாணியிலிருந்து அண்ணன் வந்தான், செர்டாங்கிலிருந்து அம்மாவின் தங்கை, என் சின்னம்மா வந்தாள். பிளேயரைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அலமாக், இதுக்கா ஊரெல்லாம் சுத்துன? போன்ல போட்டா ஸ்பீக்கர்ல கேக்கும்லா" என்றான் அண்ணன்.

"அக்காவுக்குத் தேவாரம் போடுங்க. இது என்னாது, சூப்பர் மார்க்கெட்ல போடற பாட்டாட்டம்" என்றாள் சின்னம்மா.

அப்பா சந்தனம் இறங்கிய அந்த ரெக்கார்டைத் தேடி எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார்.

சாயங்காலம் முன்னறையில் அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு, தலைவாழை இலை விரித்தேன். சோறு, கோழிக் குழம்பு, பொரித்த கெம்போங் மீன், நெத்திலி சம்பல், உளுந்து வடை, பாயாசம், ஒரு டம்ளர் பால் விடாத தே ஓ. காலையிலிருந்து நின்று சமைத்ததில் இடுப்பு விட்டுப் போயிருந்தது. எங்கள் வழக்கப்படி சூடம் காட்டிக் கும்பிட்ட பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் அவர்கள் சாப்பிடாமலே போய்விடுவார்கள் என்பது சின்னம்மாவின் கண்டிப்பு.

அப்பா ஊசியை இறக்கிவிட்டு அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெளிய வாங்கப்பா."

"இந்தப் பக்கம் முடிஞ்சா யாரு திருப்பிப் போடுவா?"

"ஒரு பக்கம் போதும்பா."

"உங்கம்மாவுக்கு ரெண்டு பக்கமும் போடணும்."

அண்ணன் கும்பிட்ட கையை எடுக்காமலே சிரித்துவிட்டான். சின்னம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாமா, ஆளு உள்ள இருந்தா அக்கா எப்படி வரும்?" என்று கேட்டுப் பார்த்தாள். அப்பா காதில் வாங்கவில்லை. சூடம் அணைந்துகொண்டிருந்தது, சோறு ஆறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

வெளியே வாகனக் கொட்டகையில் நின்றோம். கொசு பிடுங்கியது. உள்ளே கிட்டார் நிதானமாக நடந்தது, கனைத்தது, மறுபடி நடந்தது. சின்னம்மா என்னைத்தான் திட்டினாள். நான் செல்லம் கொடுக்கிறேனாம். அம்மா உயிரோடு இருந்தவரை அப்பா தன் பாட்டைத்தான் போட்டார், செத்த பிறகும் அவள் படையலில் தன் பாட்டையே போடுகிறார் என்று எனக்கு மனசு கொதித்தது. அவளுக்கென்று ஒரு நாள், ஒரு இலை, அதையும் இவர் விடவில்லையே! அதைச் சத்தமாகச் சொல்லவும் சொன்னேன். அண்ணன் கேட் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

முதல் பக்கம் முடிந்தது. பிறகு அடுத்த பக்கம் ஆரம்பித்தது. அதுவும் முடிந்து, ஊசி வெறுமனே சுற்றுகிற சத்தம் வெளியே கேட்டது. அவர் அதை எடுக்கவில்லை. உள்ளே வந்தவர்கள் விலகட்டும் என்று அண்ணன் வழக்கப்படி இருமிவிட்டு, கதவைத் தட்டித் திறந்தான்.

அப்பா தரையில், இலைக்கு முன்னால், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இலையில் மீன் முள்ளும் கோழி எலும்பும் கறிவேப்பிலையும்தான் மிச்சம். பாயாசக் கிண்ணம் காலி. டம்ளரும் காலி. எச்சில் கையை உயர்த்திப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார்.

"ஐயோ மாமா! அக்காவுக்கு வச்சத நீங்க தின்னுட்டீங்களே!" என்று சின்னம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கு குழறியது. "மாசக்கணக்கா கையில ஏந்திக்கிட்டு நிக்கிறேன், ஒரு வாய் திங்கல. இன்னைக்கு, அம்மா இலையில... ஏம்பா?"

அப்பாவுக்கு என் கேள்விதான் புரியவில்லை போலிருந்தது.

"நான் சாப்புடாம உங்கம்மா எந்தக் காலத்துல கைய நனைச்சிருக்கா? முதல் பக்கம் பூரா பாத்தேன், அப்படியே ஆறிக்கெடக்கு. எலைய வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருப்பால்ல. பசியோட எவ்ளோ நேரம் இருப்பா? அதான் நான் சாப்பிட்டேன்." கையை ஊன்றி எழுந்தார். "இப்ப அவளுக்குப் போடு."

சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் போய் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டான். நான் எச்சில் இலையை எடுத்துவிட்டுத் தரையைத் துடைத்து, புது இலை விரித்து, சட்டியில் இருந்த சோற்றைச் சூடு பண்ணிப் போட்டேன். மீன் தீர்ந்துபோயிருந்தது, குழம்பை மட்டும் நிறைய ஊற்றினேன். இந்தத் தடவை அப்பா யாரும் கூப்பிடாமலே வெளியே வந்து எங்களோடு நின்றார். கதவைச் சாத்தினேன். அம்மா சாப்பிட உட்கார்ந்துவிட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.