கிணற்றருகில் வெட்டிய குழி

அறுபதுகளின் நடுவில், எங்கள் தீவின் மடத்துவெளிப் பக்கத்து வட்டாரம் ஒன்றிலிருந்து கிராமசபைக்குத் தெரிவானேன். கூட்டங்களில் பாதி நேரம் வேலிகளைப் பற்றியே போகும். யாராவது வேலியை, வண்டி போகும் ஒழுங்கைக்குள் தள்ளிப் போட்டிருப்பார். நாங்கள் எச்சரித்துக் கடிதம் அனுப்புவோம். அடுத்த முறை ஓலை மாற்றி வேலியடைக்கும்போது அவர் கொஞ்சம் உள்ளே இழுப்பார், அல்லது இழுக்கமாட்டார். அதற்குமேல் நாங்கள் போவதில்லை.

என் வட்டாரத்து அக்கா ஒருவர் மலசலகூடத்துக்குக் குழி வெட்டத் தொடங்கியபோது அந்த வழக்கம் உதவவில்லை. அந்தக் குழிக்கும், ஊரே குடிக்க அள்ளும் நல்லதண்ணீர்க் கிணற்றுக்கும் இடையில் ஒரு வேலிதான். மற்றக் கிணறுகளில் பெரும்பாலானவை உவர். நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். ஓரிடத்தில் ஊற்றினால் இன்னோரிடத்தில் ஊறும். இரண்டு கடிதங்கள் அனுப்பினோம். பதில் வரவில்லை, குழிதான் ஆழமானது.

வழக்குப் போடலாம் என்றார் ஓர் உறுப்பினர்.

"ஊர்காவற்துறைக் கோட்டிலை வழக்கு முடியிறதுக்குள்ள மாரி வந்திடும். நாங்களே மூடுவம்," என்றார் தலைவர்.

"அப்ப உங்கட வேலியையும் பிடுங்குவமோ? அதுவும் ஒழுங்கைக்குள்ளதான் நிக்குது."

"ஓம், நிக்குது. என்ர வேலியாலை ஒருத்தருக்கும் வயித்தாலை போகாது."

எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது.

சபைத் தொழிலாளிகள் இருவருடன் நானும் போனேன். அக்கா குழியோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மூடும் தம்பி. முதல் உள்ளுக்கு வந்து என்ர மனிசனைப் பாரும்."

கொழும்பில் கடை வைத்திருந்த கணவருக்குப் பாரிசவாதம் வந்ததால் ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு கையும் ஒரு காலும் விளங்காமல் கட்டிலில் கிடந்தார்.

"இவரைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிருக்கப் பனங்காணிக்குள்ள போக என்னாலை ஏலாது," என்றார் அக்கா.

"பின்வளவுக்குள்ள வெட்டியிருக்கலாமே?"

"அங்கை பாறை. கூலிக்கு வந்தவை ஏலாதெண்டு விட்டிட்டுப் போயிட்டினம்."

தொழிலாளிகளை நிழலில் இருக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் தலைவரிடம் போனேன். கண்டதைச் சொன்னேன்.

"குழி மூடத்தான் வேணும். ஆனா முதல் பின்வளவுக்குள்ள ஒண்டு வெட்டிக் குடுக்கச் சொல்லும். பாறை உடைக்கிற அலவாங்கு சபையிலை கிடக்கு."

பாறையை உடைக்க ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. அக்கா தொழிலாளிகளுக்கு நாள்தோறும் தேத்தண்ணீர் கொடுத்தார், எனக்குத் தரவில்லை. மழைக்கு முன்பே பழைய குழியை மூடினோம். தனியார் வளவில் சபை ஆட்களை வேலை வாங்கியதாக அடுத்த கூட்டத்தில் சத்தம் எழுந்தது. கிணற்றைக் காக்கச் செய்த வேலை என்று தலைவர் முடித்துவிட்டார்.

அடுத்த தேர்தலில் தோற்றேன். பிறகொருநாள் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"உமக்கு நான் வோட்டுப் போடேல்லைத் தம்பி. ரெண்டு கடிதம் போட்டனீர். ஒருக்கா வந்து பாத்தனீரோ?"

இல்லை என்றேன். கணவர் இப்போது பொல்லை ஊன்றித் தானாகவே பின்வளவுக்குப் போய்வருகிறார் என்றார். பஸ் நிலையம் வரும்வரை அதைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.